லேப்டாப் திடீரென்று அணைகிறது, பேட்டரி நிற்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதி வேலையில் லேப்டாப் அணைந்தால் உடனே "பேட்டரி போச்சு" என்று முடிவு கட்டிப் புது பேட்டரி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதைப் போட்ட பிறகும் சில லேப்டாப்கள் அணையும். மின்சாரம் அறுந்து அணைவது, விண்டோஸ் செயலிழந்து மறுபடி எழுவது, சூடு தாங்காமல் இயந்திரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியம் மூன்றுக்கும் வேறு. எது நடந்தது என்ற தடயம் பெரும்பாலும் லேப்டாப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. காசைச் செலவழிக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். கீழே சில கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

அணைந்தவுடன் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

எப்படி அணைந்தது என்பதை. திரை, விசிறி, கீபோர்டு விளக்கு எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போனால் அது பெரும்பாலும் மின்சாரம் சம்பந்தப்பட்டது. நீலத்திரையோ கறுப்புத்திரையோ ஏதோ எழுத்துகளுடன் வந்து, பிறகு தானாக மறுபடி எழுந்தால் விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டு தன்னை நிறுத்தியிருக்கிறது. திரை உறைந்து, மவுஸும் நகராமல், பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது என்றால் அது இன்னொரு வகை. டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்), கிராஃபிக்ஸ் என்று தேட வேண்டிய இடம் வேறு.

அடுத்தது, அந்த நேரத்தில் சார்ஜர் செருகியிருந்ததா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரி எத்தனை சதவீதம், லேப்டாப்பைத் தூக்கினீர்களா, மடியில் வைத்திருந்தீர்களா. ஒரு தாளில் தேதி, நேரத்துடன் குறித்து வையுங்கள். நான்கைந்து முறை குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று, இதையெல்லாம் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். திடீர் திடீரென்று அணையும் இயந்திரத்தில் இருக்கும் ஒரே பிரதியை நம்பக் கூடாது.

நீலத்திரை வந்த மாதிரியே இல்லை. கண் இமைப்பதற்குள் மறுபடி தொடங்கிவிடுகிறதே?

வந்திருக்கலாம், படிக்க நேரம் கிடைத்திருக்காது. பிழை வந்தவுடன் தானாக மறுதொடக்கம் செய்யும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் சிஸ்டிஎம்.சிபிஎல் (sysdm.cpl) என்று தட்டி, அட்வான்ஸ்டு தாவலில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி பகுதிக்குப் போய், ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதற்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை நீலத்துக்குப் பதில் கறுப்பாக வரும். அதைப் பார்த்து டிஸ்ப்ளே போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

டிக்கை எடுத்த பிறகும் திரை எதுவும் நிற்காமல் பட்டென்று அணைந்தால், அதுவும் ஒரு நல்ல தகவல்தான். பெரும்பாலும் பிழைத்திரை காட்டக்கூட விண்டோஸுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

விண்டோஸ் எங்கே எழுதி வைத்திருக்கும்?

இரண்டு இடம். எளிதானது ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினாலே வரும். நாள்வாரியாக ஒரு கோடு ஓடும், சிக்கல் வந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதே நாளிலோ முந்தைய நாளிலோ ஏதாவது டிரைவரோ அப்டேட்டோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

விவரமானது ஈவன்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கைகளைப் பார்த்து மிரள வேண்டாம், நல்ல லேப்டாப்பிலும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் குறித்து வைத்த நேரத்துக்குப் போய்ச் சில எண்களை மட்டும் தேடுங்கள்.

1074 என்று இருந்தால் அது திடீர் அணைவே கிடையாது. ஒரு புரோகிராமோ அப்டேட்டோ முறைப்படி அணைக்கச் சொல்லியிருக்கிறது, எது சொன்னது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். 6008 என்றால் முந்தைய அணைவு எதிர்பாராதது என்று விண்டோஸ் ஒப்புக்கொள்கிறது. பக்செக் என்ற பெயரில் 1001 இருந்தால் நீலத்திரை வந்தது உறுதி, குறியீடும் அதில் இருக்கும். கெர்னல்-பவர் 86 இருந்தால் வெப்பம் எல்லை மீறியதால் அணைத்திருக்கிறது. வீயா-லாகர் என்ற பெயரில் பிழைகள் வரிசையாக இருந்தால் வன்பொருளே முறையிடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் வந்திருக்கிறது. பவர் சப்ளை போய்விட்டதா?

பெயரைப் பார்த்து எல்லோரும் தடுமாறும் இடம் இது. முறையாக அணையாமல் லேப்டாப் மறுபடி எழுந்திருக்கிறது என்பது மட்டும்தான் 41-இன் பொருள். அது விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. பேட்டரி சட்டென்று விட்டாலும் 41 வரும், நீலத்திரை வந்தாலும் 41 வரும், நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் 41 வரும்.

பிரித்தறிய அந்த வரியைத் திறந்து டீடெயில்ஸ் தாவலைப் பாருங்கள். பக்செக்கோடு என்ற இடத்தில் 0 இருந்தால் நீலத்திரைப் பதிவு எதுவும் இல்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது மொத்தமாக உறைந்திருக்கலாம். பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற இடத்தில் 0 அல்லாத எண் இருந்தால் பட்டனை யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பக்செக்கோடில் வேறு எண் இருந்தால் அது பத்தடிமானத்தில் (டெசிமல், நாம் வழக்கமாக எண்ணும் முறை) இருக்கும், பதினாறடிமானத்துக்கு (ஹெக்ஸ்) மாற்றித் தேட வேண்டும். 159 என்றால் 9எஃப்: தூங்கப் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் முரண்டு பிடித்திருக்கிறது. 292 என்றால் 124: புராசசர், அதன் மின்வழங்கல், சூடு என்று வன்பொருள் பக்கம் பார்க்க வேண்டிய பிழை. கணக்குப்பொறியை புரோகிராமர் முறையில் வைத்தால் இந்த மாற்றம் ஒரு நொடி வேலை.

நீலத்திரை வந்தால் ராம் (தற்காலிக நினைவகம்) போய்விட்டது என்று அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. மென்பொருள் ஒன்றே போதும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் தவறான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளிலும் வன்பொருள் நன்றாகத்தான் இருந்தது.

அதனால் முதலில் டிரைவர்களைப் பாருங்கள். கிராஃபிக்ஸ், வைஃபை, சிப்செட் மூன்றையும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" என்று சொல்லும் புரோகிராம்கள் வேண்டவே வேண்டாம். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும், சார்ஜர் செருகிய நிலையில், போடுங்கள்.

ராமைச் சந்தேகிக்க ஓர் அடையாளம் உண்டு: ஒவ்வொரு முறையும் பிழையின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், வெவ்வேறு புரோகிராம்கள் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும். அப்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் அல்லது அதன் ஸ்லாட்டில் கோளாறு இருக்கிறது. இரண்டு ராம் துண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றி மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பேட்டரி 35 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது. 35 எங்கே போனது?

இது பேட்டரிதான் என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய அறிகுறி, ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

லேப்டாப் பேட்டரிக்குள் லித்தியம்-அயான் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் நிரம்பியிருக்கும்போது சுமார் 4.2 வோல்ட், காலியாகும்போது சுமார் 3 வோல்ட். மூன்று செல் வரிசை என்றால் நிரம்பிய நிலையில் 12.6 வோல்ட். செல் வயதாக ஆக அதன் கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரியும். அதைவிடத் தொல்லை தருவது, உள்ளே மின்தடை கூடிப்போவது. மின்தடை கூடிய செல்லிலிருந்து திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் படீரென்று இறங்கும். பிரௌசரில் படித்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. வீடியோ கால் தொடங்கிய நொடியில், அல்லது கனமான ஒரு கோப்பைத் திறந்த நொடியில் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போகும். பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பை அறுத்துவிடும். செல்லில் சக்தி மிச்சம் இருக்கிறது, கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் அதனால் முடியவில்லை.

வரிசையில் ஒரு செல் மட்டும் நொந்திருந்தாலும் இதே கதிதான். மற்ற இரண்டும் நன்றாக இருந்தாலும் பலவீனமானது எல்லையைத் தொட்டவுடன் முழு பேட்டரியும் நின்றுவிடும்.

உறுதிப்படுத்த ஒரு வழி: சார்ஜரைச் செருகிக்கொண்டு அதே வேலையை அதே அளவுக்குச் செய்யுங்கள். சார்ஜரில் பல நாள் ஒரு முறைகூட அணையவில்லை, கழற்றினால் மட்டும் அணைகிறது என்றால் பேட்டரியை மாற்றலாம்.

பேட்டரியின் உண்மையான நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் (powercfg /batteryreport) என்று தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும், எந்த ஃபோல்டரில் என்று அதுவே சொல்லும். பிரௌசரில் திறந்து படிக்கலாம்.

மேலே டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள். உதாரணத்துக்கு முதலாவது 50,000, இரண்டாவது 29,000 மில்லிவாட்-மணி என்றால் பேட்டரியில் 58 சதவீதம்தான் மிச்சம். திரையில் "100" என்று காட்டுவது இந்த 29,000-ஐத்தான். பாதி நேரமே நிற்கிறது என்ற புகாருக்கு விளக்கம் அங்கே முடிந்துவிட்டது. சைக்கிள் கவுன்ட் (மொத்தம் எத்தனை முழு சார்ஜ் அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கை) சில லேப்டாப்களில் காட்டும், சிலவற்றில் வெறும் கோடுதான் இருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்த பகுதி ரீசன்ட் யூசேஜ். கடைசி சில நாட்களில் எப்போது விழித்திருந்தது, எப்போது தூங்கியது, எத்தனை சதவீதம் இருந்தது என்று வரிவரியாக இருக்கும். 41 சதவீதத்தில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு வரி, அடுத்த வரியே சார்ஜரில் 3 சதவீதம் என்று இருந்தால், மேலே சொன்ன வோல்டேஜ் சரிவைக் கண்ணால் பார்க்கிறீர்கள். கீழே கெப்பாசிட்டி ஹிஸ்டரி: மெதுவாக இறங்கி வந்திருந்தால் அது இயல்பான முதுமை, ஒரே வாரத்தில் தடாலென்று விழுந்திருந்தால் செல் ஏதோ கெட்டிருக்கிறது, அல்லது அளவீடு தவறியிருக்கிறது.

காலிப்ரேஷன் செய்தால் பேட்டரி புதுசாகுமா?

ஆகாது. எத்தனை மின்சாரம் உள்ளே போனது, வெளியே வந்தது என்று எண்ணிக் கணக்கு வைக்கும் ஒரு சிப் பேட்டரிக்குள் இருக்கிறது. நாளாக ஆக அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். முழுதாக நிரப்பி, தொடர்ந்து பயன்படுத்திக் காலியாக்கி, மறுபடி முழுதாக நிரப்பினால் கணக்கு சரியாகும், அவ்வளவுதான். சதவீதம் தாவித் தாவி இறங்கினால் ஒரு முறை செய்து பாருங்கள். மாதா மாதம் செய்வது செல்லுக்கு வீண் தேய்மானம்.

சார்ஜர் செருகியும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. சிலருக்கு 60-லேயே நிற்கிறது.

பெரும்பாலும் கோளாறே இல்லை. லெனோவோ வான்டேஜ், மைஆசுஸ் போன்ற நிறுவனச் செயலிகளிலோ, டெல், எச்பி லேப்டாப்களின் பயாஸிலோ பேட்டரி ஆயுளைக் காக்க வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. யாராவது அதை இயக்கியிருப்பார்கள். வீட்டிலேயே சார்ஜரில் வைத்து வேலை செய்பவர் என்றால் அப்படியே விடுங்கள், அது உங்களுக்கு நல்லது.

வரம்பு எதுவும் இல்லாமல் சார்ஜ் ஏறவில்லை என்றால், முதலில் பேட்டரி சூடாக இருக்கிறதா பாருங்கள். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்துவந்த லேப்டாப் ஆறும்வரை சார்ஜ் ஏற்றாது, ஏற்றவும் கூடாது.

சார்ஜர் போட்டிருக்கும்போதே சதவீதம் குறைகிறதே?

அடாப்டரின் வாட் போதவில்லை. அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும்: 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். கேமிங் லேப்டாப்கள் 180, 230 வாட் கேட்பவை. அவற்றில் யூஎஸ்பி-சி மொபைல் சார்ஜரைச் செருகினால் ஒப்புக்கு "சார்ஜிங்" என்று காட்டும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். யூஎஸ்பி-சி என்றால் கேபிளும் அந்த வாட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

டெல்லின் உருளை வடிவ பின்னில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப் தெரிந்துகொள்வது அதன் வழியாகத்தான். அது வளைந்தாலோ உடைந்தாலோ அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும், பேட்டரி ஏறாது, லேப்டாப்பும் மந்தமாக ஓடும். புது பேட்டரி வாங்கும் முன் அந்த ஊசியை ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு நேர்மாறு. சார்ஜரில் இருக்கும்போதுதான் அணைகிறது, பேட்டரியில் நன்றாக ஓடுகிறது.

உடனே சார்ஜரைக் குற்றம் சொல்ல வேண்டாம். சார்ஜரில் இருக்கும்போதுதான் புராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் முழு வேகத்தில் ஓட அனுமதி கிடைக்கிறது; பேட்டரியில் இரண்டும் அடக்கி வாசிக்கும். ஆக, சூடாலோ கிராஃபிக்ஸ் டிரைவராலோ வரும் சிக்கலும் "சார்ஜர் போட்டால் அணைகிறது" என்றே தோற்றமளிக்கும். செட்டிங்ஸில் பவர் மோடை மிகக் குறைந்த வேகத்துக்கு வைத்து, சார்ஜரிலேயே ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றால் சூடு, கிராஃபிக்ஸ் பக்கம் போங்கள். சும்மா இருக்கும்போதும், வயரை அசைத்தாலும் அணைந்தால் அடாப்டர், சார்ஜிங் போர்ட், அதன் சால்டரிங் என்று பாருங்கள். அதே வாட் உள்ள இன்னொரு அடாப்டரைக் கடன் வாங்கிச் சோதிப்பதுதான் இருப்பதிலேயே மலிவான பரிசோதனை.

சூட்டால்தான் அணைகிறது என்று எப்படித் தெரியும்?

சூட்டால் அணையும் லேப்டாப் பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் அணையும். விசிறி இரையும், எல்லாம் மெதுவாகும். புராசசர் சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் அடங்காமல் ஏறினால்தான் அணைகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் வெப்பத்தைப் பார்த்தபடியே வழக்கமான வேலையைச் செய்யுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வேலூரிலோ திருச்சியிலோ மதிய நேரத்தில் அறையே 38 டிகிரி இருக்கும். உள்ளே இழுக்கும் காற்றே அவ்வளவு சூடு என்றால் விசிறி என்ன செய்யும்? மெத்தையிலும் தலையணையிலும் வைத்து அடிப்பக்கத் துளைகளை அடைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்று நான்கு வருடம் ஆன லேப்டாப் என்றால் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளம்போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. திறந்து சுத்தம் செய்து, புராசசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

மூடிப் பையில் வைத்தேன். எடுத்தால் கொதிக்கிறது, பேட்டரியும் காலி.

மூடியும் அது தூங்கவில்லை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் மாடர்ன் ஸ்டான்ட்பை என்ற முறை இருக்கிறது. மூடிய பிறகும் மொபைல் போன்போல அவ்வப்போது விழித்து நெட்டில் வேலை பார்க்கும். ஏதாவது டிரைவரோ செயலியோ அதைத் தூங்க விடாவிட்டால் பைக்குள்ளேயே முழு விழிப்பில் கிடக்கும். பவர்சிஎஃப்ஜியுடன் சாய்கோடு ஸ்லீப்ஸ்டடி (powercfg /sleepstudy) என்று தட்டினால் தூங்க விடாமல் செய்தது எது என்ற பட்டியல் வரும். பயணம் போகும்போது ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி வைக்கலாம்.

டச்பேட் மேலெழுந்திருக்கிறது, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை.

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் கவனியுங்கள். லேப்டாப்பை மூடிச் சமமான மேசையில் வையுங்கள். நான்கு மூலையும் மேசையில் படியாமல் ஆடினால், மூடி சரியாக மூடாமல் இடைவெளி தெரிந்தால், அடித்தகட்டில் திருகு இருக்கும் இடம் விலகியிருந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்வதுதான் காரணம். சார்ஜரைக் கழற்றுங்கள், அணையுங்கள், அதன்பின் பயன்படுத்த வேண்டாம். மேலே எடை வைத்து அமுக்குவதும், ஊசியால் குத்திக் காற்றை எடுப்பதும் தீப்பிடிக்க வைக்கும் வேலைகள். யூடியூபில் யாராவது செய்து காட்டினாலும் செய்யாதீர்கள்.

பெரிய நிறுவனங்களிலும் பேட்டரி பிசகியதுண்டு. 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையே விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோ சிலவற்றின் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் 2019-இல் ஆப்பிள் அவற்றை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பேட்டரி மாற்றும்வரை அவற்றை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் கேட்டுக்கொண்டது. உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று சீரியல் எண்ணைக் கொண்டு நிறுவனத் தளத்தில் தேடுங்கள்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. இந்தியாவில் பேட்டரிக் கழிவு விதிகள் 2022-இன்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு?

மேக்கில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் நேரடியாகத் தெரியும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியில் சைக்கிள் எண்ணிக்கை. கடந்த பல ஆண்டுகளின் மேக்புக்குகள் பெரும்பாலும் 1000 சைக்கிளுக்கு வடிவமைக்கப்பட்டவை. லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் பி, மைனஸ் 1 (journalctl -b -1) கொடுத்தால் அணைவதற்கு முந்தைய பதிவு வரும். கடைசி வரிகளில் பிழையே இல்லாமல் பதிவு அந்தரத்தில் அறுந்திருந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

புது பேட்டரி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு விதமான பேட்டரி வருவது சகஜம். பழைய பேட்டரியின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் எண், வோல்ட், வாட்-மணி மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 11.1 வோல்ட் என்றால் மூன்று செல் வரிசை, 14.8 என்றால் நான்கு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

மாற்றியவுடன் கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். ஆனால் மலிவான பேட்டரிகளின் சிப் எந்த எண்ணையும் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கலாம், அதனால் வீட்டுக்கு வந்து ஓட்டியும் பாருங்கள். 50 வாட்-மணி பேட்டரி, சராசரி 10 வாட் செலவு என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டரை மணியில் படுத்தால் ரசீதோடு திரும்பிப் போங்கள்.

கடைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்வது?

"ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர்களும் ஊகத்தில்தான் தொடங்க வேண்டும். குறித்து வைத்த தாள், பிழைத்திரையின் படம், பேட்டரி ரிப்போர்ட் மூன்றையும் காட்டுங்கள். "சார்ஜரில் அணையவில்லை, கழற்றினால் 40 சதவீதத்தில் அணைகிறது, பக்செக்கோடு 0" என்ற ஒரு வரி, மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுப்பதற்குப் பதில், சோதனைக்கென்று தனியாக ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, லேப்டாப் திரும்பி வந்ததும் அதை நீக்கிவிடலாம்.